மரபணுவை மௌனமாக்கும் ஆர்.என்.ஏ-வைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் நானோதுகள்: ஓர் எளிய விளக்கம்

மரபணுவை மௌனமாக்கும் மருந்துகளைப் பற்றிய பேச்சில் இரண்டு தவறான எண்ணங்கள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. இம்மருந்துகள் நம் டி.என்.ஏ-வையே மாற்றிவிடும் என்பது ஒன்று. அவற்றைச் சுமந்து செல்லும் நானோதுகள் நோயுற்ற செல்லைத் தேடிக் கண்டுபிடித்து நேராக அங்கேயே போய் இறங்கும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் வீண் அச்சத்தை வளர்க்கிறது. இரண்டாவது எண்ணம் வீண் நம்பிக்கையை வளர்க்கிறது. சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டுமே கேடு செய்யும்.

உண்மையில் இம்மருந்து டி.என்.ஏ-வைத் தொடுவதே இல்லை. நானோதுகளுக்கு வழி தேடும் திறனும் கிடையாது. இரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. அப்படியிருந்தும் அது பயன் தருகிறதென்றால், அதற்குப் பெரிதும் காரணமாக இருப்பது, சுற்றியுள்ள அமிலத்தன்மைக்கேற்பத் தன் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும் ஒரே ஒரு வகை வேதிப்பொருள்தான். அந்த வேதிப்பொருள் ஏன் தேவைப்பட்டது, அது எந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மௌனமாக்கும்போது என்ன நடக்கிறது?

ஓர் அலுவலகத்தில் மூலப் பதிவேடு ஒன்று பூட்டிய அறைக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெளியே எடுத்துச் செல்ல எவருக்கும் அனுமதியில்லை. ஒரு பொருளைச் செய்ய வேண்டுமானால், அதற்குரிய பக்கத்தை நகலெடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். பட்டறையில் இருப்பவர்கள் நகலைப் பார்த்துப் பொருளைச் செய்வார்கள். அப்படிச் செய்யப்படும் பொருள்களில் ஒன்று தீங்கானது என்று தெரியவந்தால், பதிவேட்டைக் கிழிக்க வேண்டியதில்லை. பட்டறை வாசலில் ஒரு காவலரை நிறுத்தி, அந்தப் பக்கத்தின் நகல் வரும்போதெல்லாம் கிழித்துப் போடச் சொன்னால் போதும். காவலர் இருக்கும்வரை அப்பொருள் வெளிவராது. அவர் போய்விட்டால் வேலை மீண்டும் தொடங்கிவிடும்.

செல்லில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ-தான் மூலப் பதிவேடு. அதிலுள்ள ஒரு மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ என்று பெயர். அது உட்கருவை விட்டு வெளியேறி, செல்லின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்துக்கு வந்து, அங்கே புரதம் உருவாக வழிசெய்கிறது. மௌனமாக்கும் மருந்தில் இருப்பது குறுக்கீட்டு ஆர்.என்.ஏ, அதாவது, ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள, இரண்டு இழைகள் இணைந்த ஒரு சிறு ஆர்.என்.ஏ துண்டு.

இத்துண்டு சைட்டோபிளாசத்தை அடைந்ததும் செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு புரதத் தொகுதி அதைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு இழைகளில் ஒன்று கழற்றி எறியப்படுகிறது. எஞ்சிய இழை வழிகாட்டியாகிறது: அதன் எழுத்து வரிசைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ எதிர்ப்படும்போது, தொகுதியின் மையத்தில் இருக்கும் ஆர்கோநாட் 2 என்னும் புரதம் அதை வெட்டிவிடுகிறது. வெட்டிய பின் வழிகாட்டி இழை அழிவதில்லை. அதே தொகுதி அடுத்த நகலையும் அதற்கடுத்த நகலையும் வெட்டுகிறது. ஆகவே ஒரு செல்லுக்குள் மிகச் சிறிய அளவில் மருந்து சேர்ந்தாலே போதுமானதாக இருக்கிறது.

இந்த இயக்கம் மனிதர் கண்டுபிடித்த கருவியன்று. உயிரினங்களில் இயல்பாகவே இருப்பது. ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் ஒரு சிறு உருளைப்புழுவில் செய்த ஆய்வின் வழியாக 1998-இல் இதை வெளிப்படுத்தினர். 2006-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். பாலூட்டிகளின் செல்களிலும் 21 எழுத்துத் துண்டுகளைக் கொண்டு இதைச் செய்ய முடியும் என்பது 2001-இல் நிறுவப்பட்டது.

சுருக்கமாக: மரபணு அப்படியே இருக்கிறது, நகல்கள் மட்டுமே அழிக்கப்படுகின்றன, விளைவு தற்காலிகமானது. இதில் மிக முக்கியமான நிபந்தனை, ஆர்.என்.ஏ துண்டு சைட்டோபிளாசத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதுதான். அதற்கு வெளியே எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

துண்டை மட்டும் ஊசியில் செலுத்தினால் என்ன?

நோய்க்குக் காரணமான மரபணுவின் எழுத்து வரிசை தெரிந்தால், அதற்குப் பொருந்தும் துண்டைக் காகிதத்திலேயே எழுதிவிடலாம் என்பதால், 2001-க்குப் பின் இத்துறையில் எதிர்பார்ப்பு வானளாவ உயர்ந்தது. அதே வேகத்தில் ஏமாற்றமும் வந்தது. 2010-இல் ரோஷ் போன்ற பெருநிறுவனமே இந்த ஆய்விலிருந்து விலகியது. தடை மௌனமாக்கும் இயக்கத்தில் இல்லை, கொண்டுசேர்ப்பதில்தான் இருந்தது.

மாற்றம் எதுவும் செய்யாத ஆர்.என்.ஏ துண்டை இரத்தத்தில் செலுத்தினால், ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகள் சில நிமிடங்களிலேயே அதைத் தின்றுவிடும். தப்பிப் பிழைப்பதும் நிலைப்பதில்லை. அது ஏறத்தாழ 7 நானோமீட்டர் நீளமும் 2 நானோமீட்டர் அகலமுமே கொண்டது என்பதால் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றிவிடும். அயல் ஆர்.என்.ஏ-வை வைரஸின் அடையாளமாகக் கருதும் நோயெதிர்ப்பு உணரிகளும் உடலில் உண்டு. அவை விழித்துக்கொண்டால் காய்ச்சலும் அழற்சியும் ஏற்படலாம்.

இவற்றையெல்லாம் கடந்து ஒரு செல்லின் அருகே வந்துவிட்டாலும் கதவு மூடியே இருக்கிறது. செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு கொழுமியங்களால் ஆனது. கொழுமியம் என்பது நீரை நாடும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறு. அச்சவ்வின் நடுப்பகுதி எண்ணெய்மயமானது. மின்னூட்டம் கொண்ட எதையும் அது எளிதில் அனுமதிப்பதில்லை. குறுக்கீட்டு ஆர்.என்.ஏ துண்டு ஒன்று ஏறத்தாழ 40 எதிர்மின்னூட்டங்களைச் சுமக்கிறது. அது தானாகச் சவ்வைக் கடக்கும் என்று எதிர்பார்க்க இடமே இல்லை.

துகளின் நான்கு பொருள்கள்

இத்தகைய மருந்துகளில் முதன்முதலில் ஒப்புதல் பெற்றது பட்டிசிரான். 2018 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் பிழையாக மடிந்து நரம்புகளிலும் இதயத்திலும் படியும் ஒரு பரம்பரை நோய்க்கான மருந்து அது. அதன் துகளையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏனெனில் பின்னாளில் வந்த தூது ஆர்.என்.ஏ தடுப்பூசிகளின் துகள்களும் இதே அமைப்பை ஒட்டியவைதான்.

அத்துகளின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர் அல்லது சற்றுக் குறைவு. சிறுநீரகத்தில் வடிந்துபோகாத அளவுக்குப் பெரியது. கல்லீரலின் இரத்த நுண்குழாய்ச் சுவர்களில் உள்ள துளைகளைக் கடக்கும் அளவுக்குச் சிறியது. ஆர்.என்.ஏ-வைத் தவிர அதில் நான்கு பொருள்கள் உள்ளன. பாதியளவு, மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும் கொழுமியம். அதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பார்க்கப்போகிறோம். அதற்கடுத்துப் பெரிய பங்கு கொலஸ்ட்ராலுக்கு. அது கொழுமியங்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் பொருந்தித் துகளுக்கு உறுதி தருகிறது. மூன்றாவது, செல் சவ்வுகளில் இயல்பாகக் காணப்படும் வகையைச் சேர்ந்த ஒரு பாஸ்பரஸ் கொழுமியம். இது பத்தில் ஒரு பங்கு.

நான்காவது பொருள் வெறும் 1.5 விழுக்காடுதான் என்றாலும் அதன் கதை சுவையானது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்நாட்டமுள்ள நீண்ட சங்கிலி, ஒரு கொழுமியத்தின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. இச்சங்கிலிகள் துகளின் வெளிப்புறத்தில் படர்ந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடாமல் காக்கின்றன. இரத்தப் புரதங்களும் உடனே வந்து படிய விடுவதில்லை. ஆனால் இந்தக் காப்பு கடைசிவரை நீடித்தால் செல்லும் துகளை அணுக முடியாது. எனவே வடிவமைப்பாளர்கள் 14 கரிம அணுக்கள் கொண்ட குட்டையான வால்களைத் தேர்ந்தெடுத்தனர். வால் குட்டையாக இருப்பதால் பிடிமானம் தளர்வாக இருக்கிறது. துகள் இரத்தத்தில் சுற்றும்போதே இச்சங்கிலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. வாலை 18 கரிம அணுக்களாக நீட்டினால் துகள் நெடுநேரம் இரத்தத்தில் தங்கும். ஆனால் மௌனமாக்கும் திறன் குறைந்துவிடும். ஒரு குணத்தைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்ற இந்த இழுபறி, நானோதுகள் வடிவமைப்பு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும் கொழுமியம்

இனி, நடுநாயகமான பொருளுக்கு வருவோம். ஆர்.என்.ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது. அதைப் பிடித்துவைக்க நேர்மின்னூட்டம் வேண்டும். எப்போதும் நேர்மின்னூட்டத்துடனே இருக்கும் கொழுமியங்களைக் கொண்டு முதலில் முயன்றனர். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அவை நன்றாகவே வேலை செய்தன. உடலுக்குள் போனதும் நிலைமை மாறியது. இரத்தப் புரதங்களும் இரத்தச் செல்களின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், அத்துகள்கள் அகப்பட்ட எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டன. செல்களுக்கு நஞ்சாகவும் அமைந்தன.

ஆகவே தேவை முரண்பட்டதாக இருந்தது. துகளைத் தயாரிக்கும்போது நேர்மின்னூட்டம் வேண்டும்; இரத்தத்தில் இருக்கக் கூடாது; செல்லுக்குள் போனபின் மீண்டும் வேண்டும். இந்த முரணை அவிழ்த்த வழி, என் மதிப்பீட்டில், அண்மைக்கால மருந்து வேதியியலின் மிக அழகான தீர்வுகளுள் ஒன்று.

அதைப் புரிந்துகொள்ள ஓர் அளவை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கரைசல் எவ்வளவு அமிலத்தன்மை கொண்டது என்பதைக் குறிப்பது பி.எச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அது பத்து மடங்காகும். இரத்தத்தின் பி.எச் 7.4. பட்டிசிரானில் உள்ள கொழுமியத்தின் தலையில் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. அமிலச் சூழலில் அது ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறும்; அமிலம் குறைந்த சூழலில் அதை விட்டுவிட்டு மின்னூட்டமற்றதாகிவிடும். மூலக்கூறுகளில் சரிபாதி மின்னூட்டத்துடன் இருக்கும் பி.எச் அளவை அதன் திருப்புமுனை என்று இங்கே அழைப்போம். துகளில் இருக்கும் நிலையில் இக்கொழுமியத்தின் திருப்புமுனை ஏறத்தாழ 6.4.

இந்த எண்ணிலிருந்து எல்லாமே பின்தொடர்கின்றன. பி.எச் 7.4 உள்ள இரத்தத்தில் பத்தில் ஒரு மூலக்கூறு மட்டுமே மின்னூட்டத்துடன் இருக்கும். துகள் ஏறக்குறைய நடுநிலையானது. பி.எச் 5.5 ஆகக் குறைந்தால் பத்தில் ஒன்பது மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் பெற்றுவிடும். இரண்டு புள்ளிகூட இல்லாத வேறுபாட்டில் துகளின் குணமே தலைகீழாகிறது.

தயாரிப்பும் இதை நம்பியே நடக்கிறது. நான்கு கொழுமியப் பொருள்களையும் எத்தனாலில் கரைத்து, பி.எச் 4 அளவிலான அமில நீரில் ஆர்.என்.ஏ-வைக் கரைத்து, இரண்டையும் மிக வேகமாகக் கலக்கின்றனர். அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெற்ற கொழுமியம் ஆர்.என்.ஏ-வைப் பற்றிக்கொள்ள, துகள்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தாமாகவே உருவாகின்றன. அதன்பின் எத்தனாலை நீக்கி, பி.எச் அளவை உயர்த்திவிடுகின்றனர். மின்னூட்டம் மறைந்தாலும் ஆர்.என்.ஏ உள்ளேயே சிக்கியிருக்கிறது.

மீண்டும் ஒருமுறை: அமிலத்தில் நேர்மின்னூட்டம், இரத்தத்தில் நடுநிலை. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் அடுத்து வரும் பகுதி எளிதாகும்.

செல்லின் வாசலுக்குள்ளே இன்னொரு வாசல்

துகள் செல்லைத் தொட்டதும், செல் தன் சவ்வை உள்நோக்கி மடித்து அதை விழுங்கிக்கொள்கிறது. இதைக் கண்டு மருந்து செல்லுக்குள் சேர்ந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அப்படியன்று. துகள் இப்போது எண்டோசோம் என்னும் பைக்குள், அதாவது செல்லின் சொந்தச் சவ்வே கிள்ளியெடுத்து உருவாக்கிய ஒரு சிறு உறைக்குள், அடைபட்டிருக்கிறது. சைட்டோபிளாசத்துக்கும் அதற்கும் நடுவே அதே எண்ணெய்மயமான சவ்வு நிற்கிறது. நேரம் போகப் போக அப்பையின் உட்புறம் அமிலமாகிக்கொண்டே வருகிறது, பி.எச் 6.5, பிறகு 5.5 என இறங்குகிறது. இறுதியில் அது லைசோசோம் என்னும் செரிமானப் பையோடு சேர்ந்துவிடும். அங்கே துகளும் அதன் சுமையும் பெரும்பாலும் சிதைக்கப்படும்.

தப்புவதற்குச் சிறிது நேரம்தான் இருக்கிறது. தப்பிக்க வழிசெய்வதோ, அழிக்க வந்த அந்த அமிலமே. பி.எச் இறங்கியதும் கொழுமியத்துக்கு நேர்மின்னூட்டம் வருகிறது. எண்டோசோம் சவ்வில் உள்ள எதிர்மின் கொழுமியங்களோடு அது இணை சேர்கிறது. இங்கே மூலக்கூறின் வடிவம் முக்கியமாகிறது. இக்கொழுமியத்தின் இரண்டு வால்களிலும் இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அவை நேராக நில்லாமல் வளைந்து அகன்றிருக்கின்றன, தலையோ சிறியது. சிறு தலையும் அகன்ற வாலும் கொண்ட கூம்பு வடிவ இணைகளைத் தட்டையான சவ்வாக அடுக்க முடியாது. அவை சவ்வின் ஒழுங்கைக் குலைத்து, இருந்த இடத்தில் திறப்பை உண்டாக்குகின்றன, ஆர்.என்.ஏ சைட்டோபிளாசத்துக்குள் கசிகிறது.

திருப்புமுனை ஏன் 6.4 அளவில் இருக்க வேண்டும் என்பதும் இப்போது விளங்கும். அது மிக அதிகமாக இருந்தால் இரத்தத்திலேயே துகளுக்கு மின்னூட்டம் வந்துவிடும். மிகக் குறைவாக இருந்தால் லைசோசோமை எட்டும்வரை துகள் விழித்துக்கொள்ளாது. பல கொழுமியங்களை ஒப்பிட்டுச் சோதித்ததில், கல்லீரலில் மௌனமாக்குவதற்கு 6.2 முதல் 6.5 வரையிலான குறுகிய இடைவெளியே மிகச் சிறந்தது என்று தெரியவந்தது. இந்த நுணுக்கம் எவ்வளவு பயன் தந்தது என்பதை ஓர் ஒப்பீடு காட்டும்: எலிகளின் கல்லீரலில் ஒரு புரதத்தைப் பாதியாகக் குறைக்க, முந்தைய தலைமுறைக் கொழுமியத்தோடு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஆர்.என்.ஏ தேவைப்பட்டது, பட்டிசிரானில் உள்ள கொழுமியத்தோடு 0.005 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும், நுண்ணோக்கியின் துணையோடு 2013-இல் வெளியிடப்பட்ட அளவீட்டின்படி, செல்லுக்குள் விழுங்கப்பட்ட ஆர்.என்.ஏ-வில் 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே எண்டோசோமிலிருந்து தப்பியது. ஒரே வழிகாட்டி இழை பல நகல்களை வெட்டும் என்பதாலேயே இந்தச் சொற்ப அளவும் மருந்தாகிறது.

கல்லீரலுக்கு மட்டும் ஏன் எளிதாகப் போகிறது?

இதுவரை சொன்னதில் துகள் எந்த உறுப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டிசிரான் துகளின் மேற்பரப்பில் கல்லீரலை அடையாளம் காணும் பகுதி எதுவும் வைக்கப்படவில்லை. ஆயினும் அது கல்லீரலில்தான் பெரிதும் சேர்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகள் கழன்றபின், இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களோடு இயல்பாக ஒட்டும் அப்போலிப்போபுரதம் ஈ என்னும் புரதம் இந்த நானோதுகளின் மீதும் வந்து படிகிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் அப்புரதத்தைப் பற்றும் ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிக்கும் புரதங்கள், நிறைந்திருக்கின்றன. துகளைக் கொழுப்புத் துகள் என்று கொண்டு கல்லீரல் உள்ளிழுத்துக்கொள்கிறது. இப்புரதம் இல்லாத எலிகளில் இத்தகைய துகள்கள் செயலிழந்ததும், புரதத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது மீண்டும் செயல்பட்டதும் இதற்குச் சான்று.

டிரான்ஸ்தைரெட்டினைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கல்லீரல் என்பதால், நோயும் துகளும் நல்வாய்ப்பாகப் பொருந்தின. 225 நோயாளிகளோடு 18 மாதம் நடந்த மருத்துவச் சோதனையில், மருந்து பெற்றவர்களின் இரத்தத்தில் அப்புரதத்தின் அளவு இடைநிலையாக 81 விழுக்காடு குறைந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்படுகிறது என்பதே விளைவு தற்காலிகமானது என்பதைக் காட்டும். பக்கவிளைவில்லாத மருந்தும் அன்று. செலுத்தும்போது ஏற்படும் எதிர்வினைகளைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் தரப்படுகின்றன. டிரான்ஸ்தைரெட்டின் வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் பணியிலும் பங்கேற்பதால், நோயாளிகள் அந்த வைட்டமினைத் தனியே எடுத்துக்கொள்ளவும் அறிவுறுத்தப்படுகின்றனர்.

மற்ற உறுப்புகளைப் பொறுத்தவரை, ஓர் எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றும் நோயெதிர்ப்புப் புரதத்தை, துகளின் மீது ஒட்டிவிட்டால் அது புற்றுக்கட்டியைத் தேடிச் செல்லும் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். ஒட்டிய எதிர்ப்பொருள் துகளை எங்கும் செலுத்துவதில்லை. தற்செயலாக அச்செல்லின் மீது மோதியபின் பற்றிக்கொள்ள மட்டுமே உதவும். மோதும் தொலைவுக்கு வருவதை இரத்த ஓட்டமும், குழாய்ச் சுவரின் துளைகளும், கல்லீரலும் மண்ணீரலும் எவ்வளவு விரைவாகத் துகள்களை அகற்றுகின்றன என்பதுமே தீர்மானிக்கின்றன. விலங்குகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், செலுத்திய நானோதுகள்களில் இடைநிலையாக 0.7 விழுக்காடே கட்டியை அடைந்திருந்தன.

துகளே இல்லாத வழியும், கல்லீரலுக்கு அப்பாலும்

கல்லீரலுக்கென்றே இன்னொரு வழி இப்போது முன்னேறியிருக்கிறது. ஆர்.என்.ஏ-வின் வேதியமைப்பைச் சற்று மாற்றி நொதிகளுக்கு எளிதில் இரையாகாமல் செய்து, கல்லீரல் செல்லின் ஓர் ஏற்பி விரும்பிப் பற்றும் சர்க்கரை மூலக்கூறுகள் மூன்றை அதனோடு நேரடியாக இணைத்துவிடுகின்றனர். தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் போதும். 2019-இல் ஒப்புதல் பெற்ற கிவோசிரான் இவ்வகையில் முதலாவது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்க்லிசிரான், தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே தரப்படுகிறது. இம்மருந்துகளும் எண்டோசோமிலிருந்து மிகச் சொற்பமாகவே தப்புகின்றன. ஆனால் அங்கேயே நெடுநாள் சிதையாமல் கிடந்து சிறுகச் சிறுகக் கசிவதால் விளைவு மாதக்கணக்கில் நீடிக்கிறது. எனவே குறுக்கீட்டு ஆர்.என்.ஏ-வைப் பொறுத்தவரை கல்லீரலில் நானோதுகளின் தேவை குறைந்து வருகிறது என்றே சொல்ல வேண்டும்.

நானோதுகள் தன் தகுதியை இனி நிறுவ வேண்டிய களம் கல்லீரலுக்கு வெளியே இருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான நான்கு பொருள்களோடு ஐந்தாவதாக நிலையான நேர்மின் கொழுமியத்தைச் சேர்த்தபோது துகள்களின் செயல் எலிகளின் நுரையீரலுக்கும், எதிர்மின் கொழுமியத்தைச் சேர்த்தபோது மண்ணீரலுக்கும் திரும்பியது. அத்துகள்கள் சுமந்தது பெரும்பாலும் தூது ஆர்.என்.ஏ என்றாலும், கலவையை மாற்றினால் சேருமிடமும் மாறும் என்பதை அது தெளிவாகக் காட்டியது. இன்னொரு முயற்சி எண்டோசோமைக் குறிவைக்கிறது. தப்பும் அளவை 2 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்த முடிந்தால், அதே பயனுக்குப் பாதி மருந்தே போதும். செலுத்தும் கொழுமியத்தின் அளவும் அதனால் வரும் எதிர்வினையும் அதற்கேற்பக் குறையக்கூடும்.